ஹரீஷுக்கு ஒரு கயிறு

2005 நவம்பர் 26, சனி

கம்பெனி அவுட்டிங். பவனா ஏரி. காலையில் புனே விமான் நகரிலிருந்து பஸ் கிளம்பும்போதே எல்லாரும் பாட்டு, கூத்து. ஏரிக்கரையில் ஒரு சிறிய வாட்டர் ஸ்போர்ட்ஸ் முகாம். படகுக்குப் பின்னால் பெரிய காற்றடைத்த டியூபைக் கட்டி இழுக்கிறார்கள். என் டீம், என் வீட்டுக்காரர் ஹரீஷின் டீம் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஹரீஷை யாரும் கூப்பிடவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கண் தெரியாதவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் மரத்தடியில் பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு எல்லாச் செருப்புக்கும் நாந்தான் வாட்ச்மேன்" என்றார். சிரித்தோம்.

வீட்டில் தயிர் சாதம் பிசைந்து கொடுக்கும்போது சொன்னார்: "நானும் பண்ணோணும் வனஜா."

"டியூப்தானுங்க, அடுத்த வாரம் போயி ஏறிக்கலாம்."

"டியூப் இல்ல. ஒருத்தர் கட்டையில நின்னுட்டுப் போறாருன்னு சொன்னாங்களே, அது. புதுத்துணியக் கிழிக்கற மாதிரி ஒரு சத்தம் கேட்டுது பாரு. அது."

படகு இழுக்க, கட்டைமேல் நின்று தண்ணீரில் சறுக்கும் ஸ்கீயிங்கைச் சொல்கிறார். நான் ஊறுகாய் எடுக்கப் போய்விட்டேன்.

2005 நவம்பர் 28, திங்கள்

ஆபீஸில் மேனேஜர் கிருஷ்ணஸ்வாமி சார் அறைக்குக் கூப்பிட்டார். எடின்பரோவில் புது ப்ராஜெக்ட், டெஸ்டிங் முழுக்க என் பொறுப்பில், ஒரு வருடம். முடியாது சார் என்றேன். காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் போலத் தோன்றியது. ஹரீஷிடம் சொல்லவில்லை.

2005 டிசம்பர் 4, ஞாயிறு

பிடிவாதத்தில் அவரை ஜெயிக்க முடியுமா? கால் டாக்ஸி பிடித்து ஏரிக்குப் போனோம். முகாம்காரர் மறுத்துவிடுவார், கதை முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் கூடப் போனேன்.

படகோட்டி நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அட, தமிழா! க்யா பாத் ஹை!" என்று வந்தார். பெயர் ஜெபகுமார். போபோடியில் வீடு. தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். ராணுவத்தில் படகுப் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஹரீஷ் நேராக அவரிடமே விஷயத்தைச் சொன்னார் — முதலில் ராத்திரிப் பார்வை போனது, பிறகு பக்கங்கள் மூடிக்கொண்டே வந்தது, இரண்டு வருடமாக வெளிச்சம், இருட்டு என்பது மட்டும்தான் தெரியும் என்று. இவ்வளவு தெளிவாக அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜெபகுமார் அண்ணன் கேட்டது ஒன்றுதான். "நீச்சல் வருமா சார்?"

"காலேஜ் டீம்ல இருந்தேன்."

"ஃபிர் க்யா? தண்ணிக்குள்ள யாருக்கு சார் கண்ணு தெரியுது?"

நான் எதிர்பார்த்த பதில் இது இல்லை.

இன்று தண்ணீரில் இறங்கவில்லை. கரையிலேயே உட்கார வைத்து, முழங்காலை மடக்கி, கைப்பிடியைக் கொடுத்து அண்ணனே கயிற்றைப் பிடித்து இழுத்தார். "நீங்க எந்திரிக்காதீங்க சார், கயிறு எழுப்பும். நீங்க சும்மா ஒக்காந்திருங்க." ஹரீஷ் முகத்தில் மண். சிரித்துக்கொண்டே இருந்தார்.

2005 டிசம்பர் 6, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து அத்தை மகனுக்குப் போன். இவரே ஏரி விஷயத்தை உளறிவிட்டார். என்னிடம் கொடுக்கச் சொல்லி, "அம்மிணி, போன வருசந்தான் தண்ணி ஊருக்குள்ள வந்து அத்தன சனத்தக் கொண்டுட்டுப் போச்சு. கண்ணுத் தெரியாதவன அதுக்குள்ள எறக்கி உடறயா? உனக்கு அறிவிருக்குதா?"

அது கடலுங்க அத்தை, இது ஏரி என்றேன். "தண்ணி தண்ணிதான்" என்று வைத்துவிட்டார். அவர் சொல்வதில் பாதி எனக்கும் சரி என்றுதான் பட்டது.

2005 டிசம்பர் 11, ஞாயிறு

முதல் முறை தண்ணீரில். நான் படகில் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். ஓட்டுகிறவர் முன்னால் பார்ப்பதால், இழுபடுகிறவரைப் பார்க்க ஓர் ஆள் கட்டாயம். விழுந்தால் நான் கத்த வேண்டும், அவர் எஞ்சினைக் குறைப்பார். என் வேலை அதுதான்.

ஹரீஷ் எழவே இல்லை. படகு கிளம்பும், கயிறு நீண்டுகொண்டே போகும், அவர் இருந்த இடத்திலேயே இருப்பார். திடீரென்று கழுத்தைப் பிடித்துத் தள்ளியதுபோல முன்னால் குப்புற விழுவார். ஒவ்வொரு முறையும் அதே. மேலே வந்ததும் "எப்ப இழுக்கப் போகுதுன்னே தெரியல" என்கிறார்.

கட்டியிருந்தது டியூப் இழுக்கும் கயிறு. வெள்ளை நைலான், என் மணிக்கட்டு பருமன். ஜெபகுமார் அண்ணன் அதைத் தட்டிக் காட்டினார்: "ஏக்தம் ஸ்ட்ராங் மேடம். ஆனையக் கட்டி இழுத்தாலும் அறாது." எனக்கும் அதுவே நிம்மதியாக இருந்தது. அறாத கயிறு என்றால் பாதுகாப்பான கயிறு, வேறென்ன?

2005 டிசம்பர் 20, செவ்வாய்

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. இடது முன்கையில் கட்டு. எலும்பில் விரிசல். நல்லவேளை, இடது.

ஞாயிறன்று நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ. கயிறு நன்றாக இழுபட்டு நின்றது. ஹரீஷ் பாதி எழுந்தார் — நான் பார்த்தேன், இடுப்பு தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது — சாய்ந்தார், பிடியை விட்டார். அவ்வளவுதான் தெரியும். கைப்பிடி கவண் கல் மாதிரி படகை நோக்கி வந்தது. கையைத் தூக்கியிருக்காவிட்டால் முகம்.

வலியில் குரல் வரவில்லை. ஜெபகுமார் அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு என்னைப் பிடித்தார். சத்தமே இல்லாமல் இருந்தது ஏரி. அதில் ஹரீஷ் குரல் மட்டும். "வனஜா! எந்திரிச்சனா? எந்திரிச்சேன்ல? நீ பாத்தியா?"

நான் கையை மார்போடு அணைத்துக் குனிந்திருந்தேன்.

"வனஜா?"

பிறகு குரல் மாறிவிட்டது. "வனஜா! ஏய்! ஜெபா, அவ எங்க? யாராச்சும் பேசுங்களேன்!" படகு எந்தப் பக்கம் என்று தெரியாமல் வேறு திசையில் நீந்த ஆரம்பித்துவிட்டார். "இங்க இருக்கறனுங்க" என்று கத்தினேன். கத்தும்போது கை வலி உச்சந்தலை வரை போனது.

அந்தக் குரலை மறக்க முடியவில்லை. கை பரவாயில்லை.

2005 டிசம்பர் 24, சனி

அவர்தான் சமைக்கிறார். எனக்குத் தலை வாரிப் பின்னலும் போட்டுவிடுகிறார் — கொஞ்சம் கோணல், ஆனால் நான் போடுவதைவிட இறுக்கம். பேச்சு மட்டும் இல்லை. இன்று பின்னிக்கொண்டே, "அந்தப் பேச்சு முடிஞ்சுது" என்றார்.

"எந்தப் பேச்சுங்க?"

"தெரியாத மாதிரி கேக்காத. நான் ஒண்ணு ஆசப்பட்டு உங் கைய ஒடச்சாச்சு. போதும்."

எனக்கு நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும்? முதலிலிருந்து வேண்டாம் என்றவள் நான்தானே? ஆனால் எரிச்சல்தான் வந்தது. பாதி எழுந்தாரே. இடுப்பு வெளியே வந்ததை நான் பார்த்தேனே. அதுவரை அதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

பிறகு சொன்னேன். பின்னுகிற கை நின்றது. "நிஜமா?" என்றார். பின்னலை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தார்.

2006 ஜனவரி 3, செவ்வாய்

மதிய சாப்பாட்டு நேரத்தில் இன்டர்நெட்டில் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கயிற்றுக்கென்றே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். புரிந்துகொண்டது:

பலம் வேறு, நீட்சி வேறு. அறாத கயிறு நீளாத கயிறு இல்லை. டியூபில் நாலு பேர் உட்கார்ந்தால் பெரிய எடை. அதற்குப் பலமும் பருமனும் வேண்டும், கொஞ்சம் நீண்டு கொடுத்தாலும் தப்பில்லை. ஸ்கீயில் ஓர் ஆள்தான். நைலான் நன்றாக நீளும். நீண்ட விசையெல்லாம் கயிற்றுக்குள்ளே சேர்ந்து நிற்கும். பிடியை விட்டதும் மொத்தமும் படகைப் பார்த்துத் திரும்பும். அதோடு நைலான் தண்ணீரில் மூழ்கும், எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். ஸ்கீ கயிறு மிதக்க வேண்டும்.

ஆக, அவர் மேலும் தப்பில்லை, ஜெபகுமார் அண்ணன் மேலும் இல்லை. கயிறு தப்பு. இதை இரவு அவருக்குப் படித்துக் காட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நிறுத்தினேன்.

"மேல படி" என்றார்.

2006 ஜனவரி 7, சனி

ரவிவார் பேட், போஹ்ரி ஆளி. ஆணி, சங்கிலி, தார்ப்பாய், கயிறு என்று குறுகலான சந்து முழுக்கக் கடைகள். ஹரீஷ் என் வலது தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடைக்காரரிடம் அரை குறை ஹிந்தியில் சொன்னேன் — படகு, தண்ணீர், ஆள். அவர் என் கைக்கட்டைப் பார்த்தார், ஹரீஷின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் டீ சொன்னார்.

ஹரீஷ் ஒவ்வொரு கயிற்றையும் கையில் வாங்கி, ஒரு முனையைச் செருப்புக்கடியில் மிதித்து மறுமுனையை இழுத்துப் பார்த்தார். முறுக்கிய மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு: கையைக் கிழிக்கும், வேண்டாம். மலையேறுகிறவர்கள் வாங்கும் கயிறு வழவழப்பாக அழகாக இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. கடைக்காரரே தடுத்தார்: மலையில் விழுகிறவனைத் தாங்குவதற்காக அது வேண்டுமென்றே நீளும்படி செய்தது என்றார். சரியாக நமக்கு வேண்டாதது.

கடைசியில் பின்னல் போட்ட ஒன்று. பாலிப்ரொப்பிலீன், மிதக்கும், ஆரஞ்சு நிறம், உள்ளே குழாய் மாதிரி கூடு. என் சுண்டுவிரல் பருமன்தான். இவ்வளவு ஒல்லியாகவா என்று பயந்தேன். "ஒரு ஆளுக்கு இது ஜாஸ்தி, பெஹன்ஜி" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு கயிற்றுத் துண்டைக் கட்டி, தண்ணீர் கேனைத் தொங்கவிட்டோம். கொஞ்சம் நீண்டது. கேனை எடுத்ததும் பழைய அளவுக்கு வந்தது. கீழே வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்து, "சாப், மேலே தண்ணி வரலையா?" என்று கேட்டார். ஹரீஷ் விழுந்து விழுந்து சிரித்தார். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

2006 ஜனவரி 14, சனி

பொங்கல். ஜெபகுமார் அண்ணனும் அவர் மனைவி மேரியும் வந்தார்கள். மேரி என் கையைப் பார்த்துவிட்டுக் கணவரை முறைத்தார். "ஆன ஆனன்னு சொல்லினு இருந்தாரே, இப்ப பாரு." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "நான் பலத்த மட்டும் பார்த்தேன் மேடம். பட்டாளத்துல எங்களுக்கு பாலம் கட்டத்தான் கயிறு. ஆளத் தூக்கி நிறுத்தற கயிறு நமக்குப் புதுசு. சச் போல்தா ஹூம், உண்ம அதான்."

சாப்பிட்டபின் கூடத்தில் உட்கார்ந்து கைப்பிடி பொருத்தினார். முடிச்சுப் போடவில்லை, முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் பாதியாகிவிடுமாம். முனையைக் கயிற்றின் கூட்டுக்குள்ளேயே நுழைத்து இழுத்தார். எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஹரீஷ் விரலால் தடவி, "இங்க" என்று காட்டினார்.

ராணுவ நண்பர் ஒருவரிடமிருந்து பாய்மரப் படகுக் கயிறு ஒன்றையும் அண்ணன் கொண்டுவந்திருந்தார். துளிகூட நீளாது. "ரெண்டையும் கட்டிப் பாத்துருவோம்."

"போலாமுங்களா?" என்று ஹரீஷிடம் கேட்டேன். மேரி பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீ படகுல கீழ உக்காருவேன்னா" என்றார் ஹரீஷ்.

2006 ஜனவரி 22, ஞாயிறு

முதலில் பாய்மரக் கயிறு. நீளாததால் பின்னால் அடிக்கும் பயம் குறைவு. ஆனால் எஞ்சின் ஒரு சிறு திணறல் திணறினாலும் அப்படியே அவர் தோளுக்குப் போய் இடிக்கிறது. விழுந்து எழுந்து, "இது ஒவ்வொண்ணையும் கத்திச் சொல்லுது. தோள்பட்ட போச்சு" என்றார்.

பிறகு ஆரஞ்சுக் கயிறு. நான் தளத்தில், அண்ணனின் இருக்கைக்குப் பின்னால் பதுங்கி, விளிம்புக்கு மேல் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் விசில். படகு மெல்லக் கிளம்பியது. கயிறு தண்ணீரிலிருந்து எழுந்து நேரானது. சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது. இடி இல்லை. ஹரீஷின் முழங்கால், இடுப்பு — எழுந்துவிட்டார். நின்றுவிட்டார். கை நீட்டி, முதுகு நேராக, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு.

நான் விசில் ஊத மறந்துவிட்டேன். அண்ணன் திரும்பிப் பார்க்காமல், "கடா ஹை க்யா? நிக்கறாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அழுதுகொண்டிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதை எப்படிப் பார்ப்பார்?

கரையில் துவட்டிக்கொள்ளும்போது ஹரீஷ் சொன்னது: "எஞ்சின் வேகம் ஏறப் போறது மொதல்லயே கைக்குத் தெரியுது. படகு திரும்பறதுகூட." கொஞ்சம் பொறுத்து, "பசிக்குது" என்றார்.

2006 பிப்ரவரி 5, ஞாயிறு

கட்டு எடுத்து ஒரு வாரம். இன்று ஒரு சுற்று முழுதாக நின்றே வந்தார். கயிறு குறைவான நீளம். அதனால் என் விசில் கேட்கிறது: ஒன்று என்றால் இடப்பக்கம் திரும்புகிறோம், இரண்டு என்றால் வலம்.

2006 பிப்ரவரி 12, ஞாயிறு

சண்டை.

ஏரியிலேயே ஆரம்பித்தது. கயிற்றை நீளமாக்க வேண்டும் என்கிறார். குட்டைக் கயிற்றில் படகு கிளப்பும் நுரைக்குள்ளேயே நிற்க வேண்டியிருக்கிறது, காலடியில் தண்ணீர் குழம்புகிறது, தள்ளிப் போனால் சமமாக இருக்கும் என்று. அண்ணனும் ஆமாம் என்கிறார். அந்தத் தூரத்துக்கு விசில் கேட்காது என்றேன்.

"எதுக்குக் கேக்கோணும்? திரும்பறது எனக்குக் கயித்துலயே தெரியுது."

"எனக்குக் கேக்கோணுமுங்க."

வீட்டுக் கதவைத் திறந்ததும், "எடின்பரோ பத்தி எப்ப சொல்றதா இருந்த?" என்றார்.

கிருஷ்ணஸ்வாமி சார் கேன்டீனில் இவரிடமே பேசியிருக்கிறார். இன்னும் யாரையும் போடவில்லையாம்.

என்ன சொல்ல? நீங்க தனியா எப்படி இருப்பீங்கன்னு — சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. "அத நீயே முடிவு பண்ணிட்டியா? என்ன ஒரு வார்த்த கேட்டியா? ஆபீஸ்ல எல்லாரும் என்னால உன் வாழ்க்க போச்சுன்னு பாவப்படறாங்க, எனக்கே தெரியாம!" கத்தினார். நானும் கத்தினேன். ஏரில அன்னைக்கு என் சத்தம் ரெண்டு நிமிசம் கேக்கலைன்னதும் எந்தப் பக்கம் நீந்தினீங்க, ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். எதுக்கு அதக் கேட்டேன்? ச்சே.

அவர் சுவரைத் தடவிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "தப்பான பக்கம் நீந்தினேன். ஆனா நீந்தினேன்ல? முழுகலயே" என்றார்.

2006 பிப்ரவரி 13, திங்கள்

இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் ஆபீஸ் போனோம். பேசவில்லை.

2006 பிப்ரவரி 19, ஞாயிறு

நீளக் கயிறு.

போகும் வழியில் வண்டியில் நான்தான் சொன்னேன், சரி, கட்டிப் பார்க்கலாம் என்று. அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். இடது கை. விரிசல் விட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தார்.

அந்தத் தூரத்தில் அவர் முகம் தெரியவில்லை. உருவம்தான். நுரையைத் தாண்டி, இருபுறமும் சமமான தண்ணீர். படகு திரும்பியதும் அவர் தானாகவே சாய்ந்து வெளிப்பக்கமாக வளைந்து போனார். நான் விசிலை வாயில் வைக்கவே இல்லை. அவர் சொன்ன சத்தம் அப்போதுதான் எனக்கும் கேட்டது. புதுத்துணி கிழிகிற மாதிரியேதான் இருக்கிறது.

பிறகு விழுந்தார். பெரிதாக. ஸ்கீ ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். "விழுந்துட்டார்!" என்று கத்தினேன். அண்ணன் படகைத் திருப்பும் அந்த நேரம் எனக்கு வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிடவில்லை. ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

ஒரு கை மேலே எழுந்தது. நன்றாக இருக்கிறேன் என்பதற்கு அண்ணன் சொல்லிக் கொடுத்த அடையாளம். படகு வரும் திசையைப் பார்த்து, அசையாமல், கையை உயர்த்தியபடியே மிதந்துகொண்டிருந்தார்.

2006 பிப்ரவரி 20, திங்கள்

கிருஷ்ணஸ்வாமி சாரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். "ஹரீஷ்?" என்று கேட்டார். "அவர்தான் சார் போகச் சொன்னார்" என்றேன். அது முழு உண்மை இல்லை. நானும்தான் போக விரும்பினேன்.

2006 நவம்பர் 12, ஞாயிறு, எடின்பரோ

காலையிலிருந்து தூறல். துணி துவைத்து ஹீட்டர் மேல் போட்டேன். மதியம் வீட்டுக்குப் போன் செய்தேன். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது.

மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பிவிட்டதாம், போன மாதக் கடைசியிலிருந்து மறுபடி போகிறார்கள். ஆரஞ்சுக் கயிற்றை மாற்றியாகிவிட்டது. வெயில் பட்டுப் பட்டு இழை இழையாகப் பிரிய ஆரம்பித்திருந்தது, கையில் பஞ்சு மாதிரி ஒட்டியது, அதனால் வேண்டாம் என்று விட்டேன் என்றார். போஹ்ரி ஆளிக்கு ஜெபகுமார் அண்ணனோடு அவரே போய் வாங்கியிருக்கிறார்.

"எத்தன நீளமுங்க?"

சொன்னார். நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். "நல்லதுங்க" என்றேன்.

"இரு, அம்மா பேசோணுமாம்."

அத்தை தீபாவளிக்கு புனே வந்தவர், இன்னும் ஊர் திரும்பவில்லை. மகனை அந்த ஏரிக்குப் போகவிடாமல் தடுக்கத்தான் தங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று படகில் பார்க்கிற ஆள் யார் என்று கேட்டேன், மேரியா?

"மேரிக்கு சர்ச்சு. நாந்தான் போனேன்" என்றார் அத்தை. "லைப் சாக்கெட்டெல்லாம் போட்டுட்டுத்தான் அம்மிணி. நீ ஒண்ணும் பயப்படாத."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அவன் உழுந்தாக் கொடியத் தூக்கோணும்னு அந்த ஜெபகுமாரு என் கையில ஒண்ணக் குடுத்திருக்குது. காத்தால இருந்து அதையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன், கை கடுத்துப் போச்சு" என்றார் அத்தை, மிகவும் குறைபட்டுக்கொண்டு. "இவன் உழுகவே மாட்டீங்கறான்."